குளியலறைச் சுவருக்குப் போன முட்டைகள்

எங்கள் வீட்டில் எனக்கு முட்டை வைக்க மாட்டார்கள். மருமகள் புதிதாக வந்தபோது, மாமா ஏதோ கோயிலுக்கு வேண்டிக்கொண்டு விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாளாம். வேண்டுதலும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஆட்டுக்கறி தின்கிறேன், நண்டு தின்கிறேன், ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடி ஊரிலிருந்து யாராவது கருவாடு கொண்டுவந்தால் மணத்தை வைத்தே என்ன மீன் என்று சொல்லிவிடுவேன். முட்டையை உடைக்கிற சத்தம் கேட்டால் மட்டும் குமட்டிக்கொண்டு வருகிறது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் ஈப்போவில் நான் முன்னால் நின்று கட்டி முடித்த ஒரு குளியலறைதான் அதற்குக் காரணம்.

கட்டட வேலையில் நான் மேனேஜராக இருந்தவன். அது என்ன உத்தியோகம் என்று பலருக்குத் தெரியாது. என் சம்பந்தி ஒருமுறை, "மேனேஜர்னா மேசையில உக்காந்து கையெழுத்துப் போடுறதுதானே?" என்று கேட்டார். கொத்தனார் கையில் கரண்டி இருக்கும், தச்சன் கையில் உளி இருக்கும், சித்தாள் தலையில் சட்டி இருக்கும். மேனேஜருக்கு வாய் மட்டும்தான் கருவி. முதலாளியின் ஆசையை ஆட்களிடம் சொல்ல வேண்டும், ஆட்களின் கஷ்டத்தை முதலாளியிடம் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டும். மணல் வராவிட்டால் அவன்தான் குற்றவாளி. மழை பெய்தாலும் அவன்தான்.

பிற்காலத்தில் சிங்கப்பூர், மேடான், புருணை என்று கடல் தாண்டியும் கட்டடம் கட்டப் போனேன். ஊரும் பாஷையும் மாறின, திட்டு மாறவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் மேனேஜர் முதல் முளைக்குச்சி அடிக்கும் முன்பே அந்த ஊர் மண் எப்படி, தண்ணீர் எப்படி, சாமான் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் விசாரித்து வைக்க வேண்டும். எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் வரும். கம்பெனிக்காரர்கள் வரைபடத்தை விரித்து வைப்பார்கள். நான், ஆட்கள் எங்கே சாப்பிடுவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்பேன். எனக்குச் சாப்பாட்டு ராமன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் காலத்து என் முதலாளி எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர். ஈப்போவில் அவர் கட்டிய கடைவீடுகள் பல. தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டுக்கு மட்டும் ஊரிலிருந்து கொத்தனார்களைக் கப்பலேற்றி வரவழைத்து, கூடத்துச் சுவர் முழுவதும் முட்டைச் சுண்ணாம்பு பூச வைத்தார். சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டால் பளிங்கு போல் சில்லென்று இருக்கும். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டாத விருந்தாளிக்கு அவர் வீட்டில் இரண்டாவது தடவை காப்பி கிடைக்காது.

ஜப்பான்காரன் வந்ததும் கட்டட வேலைகள் படுத்துவிட்டன. நல்ல வீடாகப் பார்த்துப் பிடுங்கிக்கொள்ள ஓர் ஆபீசர் தெருத் தெருவாக வந்தான். புத்தி உள்ளவன் என்ன செய்வான்? கூரை ஒழுகுகிறது, கரையான் ஏறிவிட்டது என்று அழுது வைப்பான். பக்கத்துக் கடைக்காரர் தம் வீட்டில் பேய் இருப்பதாகவே சொல்லித் தப்பித்தார். எங்கள் முதலாளிக்கோ, வந்தவன் சுவரைப் பாராட்டாமல் போகிறானே என்ற கவலை. ஆபீசரைக் கூடத்துக்குக் கூட்டிப்போய், சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, இதில் எத்தனை கூடை முட்டை போயிருக்கிறது தெரியுமா என்று மலாயில் பெருமை பேசினார். பிராணனைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், வீட்டுப் பெருமையை மட்டும் மறைக்க மாட்டார்கள் எங்கள் ஆட்கள்.

ஆபீசர் உள்ளங்கையால் சுவரைத் தடவினான். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தான். "பாகுஸ்" என்று மெச்சிக்கொண்டான். அவனுக்கும் கொஞ்சம் மலாய் வரும். வீட்டை விட்டுவிட்டான். அதற்குப் பதிலாக, தான் குடியிருந்த, வெள்ளைக்காரச் சுரங்க மேனேஜர் விட்டுப்போன பங்களாவில் பெரிய குளியலறை ஒன்றைக் கட்டி, இதே மாதிரி பூசிக் கொடுக்கச் சொன்னான். வீடும் தப்பியது, வேலையும் கிடைத்தது என்று முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"முதலாளி, இது கூடத்துக்கு ஆகும். வெந்நீர் ஆவி அடிக்கிற எடத்துல நிக்காது" என்று நான் சொன்னேன்.

"அவன் இங்க இருக்கிற வரைக்கும் நின்னா போதும். நீ முட்டைக்கு வழியப் பாரு" என்றார்.

சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. குனோங் ராபாட் மலையடியில் சூளை இருந்தது. அதோடு ஊறவைத்துச் சேர்க்கிற கடுக்காய், தமிழ் முஸ்லிம் ஒருவரின் மருந்துக் கடையில் பழைய மூட்டையாகக் கிடைத்தது. முட்டைக்குத்தான் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போக வேண்டியிருந்தது. பால் வெட்டு நின்று போயிருந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டு, காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரிக்கும் அதே மரவள்ளி என்று ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேருக்குக் கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். கோழி வைத்திருந்தவர்கள் முட்டையைத் தின்னவில்லை, மருந்தாக வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கும், கால் வீங்கிய குழந்தைக்கும்தான் முட்டை.

அதைத்தான் நான் லாரியில் அள்ளிக்கொண்டு வந்தேன். ஆபீசரின் முத்திரை குத்திய காகிதம் கையில் இருந்தது. பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கூடையில் வைத்தார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவர்களில் ஒருத்தியின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இடுப்பில் பெண் குழந்தை. அதன் பாதங்கள் இரண்டும் ஊதிப் பளபளவென்று இருந்தன.

"அண்ணே, இத்தன முட்டையும் என்னாத்துக்கு?" என்று அவள் கேட்டாள்.

"சுவத்துக்கு."

நான் கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். "சுவத்துக்கா?"

"சுண்ணாம்புல கலந்து பூசுறது. வழவழன்னு இருக்கும்."

"முழு முட்டையவும் ஊத்துவீங்களா?"

"இல்லம்மா. வெள்ளக்கரு மட்டுந்தான். மஞ்சக்கரு சேந்தா சுவரு பழுப்பாயிரும்."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "அப்ப மஞ்சக்கரு மிச்சந்தானே? முட்ட ஒடைக்க நான் வாரேன் அண்ணே. கூலி வேணாம். மஞ்சக்கருவ இதுக்குக் குடுத்தா போதும்லா."

சித்தாள் சேர்ப்பது மேனேஜர் கையில் இருக்கிற காரியம். அவளையும் குழந்தையையும் அன்றைக்கே லாரியில் ஏற்றிக்கொண்டேன். மஞ்சள்கரு முழுவதும் ஆட்களின் சாப்பாட்டுக்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இதை யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வேலை நடந்த இடம் மனிதர்கள் இருக்கிற இடமாக இருந்தது. அவள் நிழலில் உட்கார்ந்து முட்டையைத் தட்டி, ஓட்டுக்கு ஓடு மாற்றி வெள்ளையைப் பானையிலும் மஞ்சளை மண்ணெண்ணெய்த் தகரத்திலும் பிரித்து விடுவாள். மத்தியானம் அவித்த மரவள்ளியை மசித்து, மஞ்சள்கருவை ஊற்றி, உப்பும் மிளகாயும் போட்டுக் கிளறுவார்கள். முதல் கை குழந்தைக்கு. சாமான் கொட்டகையில் சாக்கின்மேல் கிடந்த அந்தக் குழந்தைக்குப் பாத வீக்கம் வற்ற ஆரம்பித்தது. ஒருநாள் தடுமாறி எழுந்து, மணல் குவியல்வரை நடந்து வந்து கொத்தனாரின் கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

"இது என் வேலைக்கே ஒல வச்சிரும் போலருக்கே" என்றார் கொத்தனார். அவள் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தக் குளியலறையை நினைத்தால் எனக்குப் பிடித்த ஒரே காட்சி அதுதான்.

முதலாளி வழக்கமாகக் காலையில் வந்து போகிறவர். அன்று மத்தியானம் வந்தார். ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார், வேட்டி நுனியால் மூக்கை மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஆபீசருக்கு ஒரு குதிரை உண்டு. மஞ்சள்கரு கொடுத்தால் குதிரைத் தோல் மினுமினுக்கும் என்று இவரே அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இனிமேல் தினமும் அங்கிருந்து ஆள் வந்து தகரத்தை எடுத்துப் போவானாம்.

"ஆளுங்க என்னா சாப்பிடும் முதலாளி?"

"முன்ன என்னா சாப்பிட்டுச்சோ அத."

"அந்தப் புள்ளைக்கு மட்டுமாவது..."

"நீ மேனேஜரா, இல்ல ஆயாக் கொட்டாய் நடத்துறியா?" என்றார். தோட்டத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகையைச் சொல்கிறார். சொல்லிவிட்டு ரசித்துச் சிரித்தார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. பயந்து செய்த காரியமாக இருந்தால்கூட மன்னித்துவிடலாம். ஒரு குதிரை கொஞ்சம் மினுமினுக்கட்டும், அதைப் பார்த்து ஆபீசர் தம்மை நினைத்துக்கொள்ளட்டும் என்று தாமாகத் தேடிப்போய்ச் செய்த காரியம். அந்த மனிதரின் வெற்றிலை உதட்டைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சும்மா இருக்க முடியவில்லை. ஆபீசர் சுவரைப் பார்க்க வந்தபோது குனிந்து வணங்கி, எனக்குத் தெரிந்த மலாயில் ஒரு பொய் சொன்னேன். வேலை நடக்கும் இடத்தில் சுண்ணாம்பு பறக்கிறது, மஞ்சள்கருவில் விழுகிறது, மனிதர் வயிறு தாங்கும், குதிரை வயிறு வெந்துவிடும் என்றேன். குதிரைமேல் அவனுக்கு அத்தனை பிரியம். உடனே வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டான். இந்தப் பொய்யில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. நல்ல பொய் அது. அன்று மத்தியானம் ஆட்களுடன் உட்கார்ந்து நானும் இரண்டு கை அள்ளித் தின்றேன்.

சேதி முதலாளி காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் முகம் வெளுத்து வந்து நின்றார்.

"சுண்ணாம்பு விழுதுன்னு சொல்லிட்ட. அவன் திடீர்னு வந்து பாக்குறப்ப ஆளுங்க அத வழிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தா என்னா சொல்லுவ? ஒந்தலையோட என் தலையும்ல போகும்."

"மனுசன் வயிறு தாங்கும்னும் சொல்லிருக்கேன் முதலாளி. பயமா இருந்தா மறைவா வச்சுச் சாப்பிடச் சொல்றேன்."

"வேணாம்" என்றார். சிரட்டை அகப்பையை எடுத்தார். தொட்டியிலிருந்து நீர்த்த சுண்ணாம்பை மொண்டு, அவள் அப்போதுதான் உடைத்து வைத்திருந்த தகரத்தில் ஊற்றினார். குச்சியால் கிளறினார். மஞ்சளும் வெள்ளையும் திரிதிரியாகச் சுழன்று கெட்டிப்பட்டன. "இப்ப நீ சொன்னது பொய்யில்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்றிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, முட்டை உடைத்து முடியும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். தகரத்தில் அடியில் சுண்ணாம்பு, அதன்மேல் மஞ்சள்கரு சொத் சொத்தென்று விழும். முட்டை எண்ணி உள்ளே வந்தது, ஓடு எண்ணி வெளியே போனது. வெயில் ஏறியதும் ஒரு நாற்றம் கிளம்பும். அழுகல் நாற்றத்தை நான் சாக்கடை வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது வேறு. நல்ல சாப்பாடு வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட நாற்றம். சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். பின்பக்கத்துச் சாக்கடையில் கொட்டுவார்கள். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

குழந்தைக்கு மறுபடியும் வீக்கம் ஏறியது. இந்தத் தடவை முகத்திலும். வேறு எங்காவது முட்டை தேடலாம் என்றால், சுற்றுவட்டாரத்தை நாங்களே துடைத்து எடுத்தாகிவிட்டது. கோழிகளைப் பட்டாளத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். "அங்க போனா மரவள்ளி கூட இல்லண்ணே" என்றாள்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். காலை நேரத்தில் அவள் யாரிடமும் பேசுவதில்லை. கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். கவலை என்று நினைத்தேன். ஒருநாள் ஆணி எடுக்கச் சாமான் கொட்டகைக்குள் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் குழந்தையின் மேல் கவிந்து, வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் மோவாயில் வழிந்த மஞ்சளை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள். முதலாளி வெற்றிலை எச்சில் துப்பத் திரும்புகிற நேரத்தில் ஒரு கருவை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்க விடும் வரைக்கும் விழுங்காமல் வைத்திருந்திருக்கிறாள். காலை முழுவதும், வெறும் வயிற்றில்.

நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் முதலாளியை நாற்காலியைவிட்டு எழுப்புவதுதான் என் முழுநேர வேலை. சாரம் ஆடுகிறது முதலாளி, மூலை சரியாக வரவில்லை முதலாளி, கதவுச் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள் முதலாளி. என் வாய் என்ற கருவியை நான் உருப்படியாகப் பயன்படுத்தியது அந்த நாள்களில்தான்.

கடைசிப் பூச்சு முடியும் தறுவாய். ஆபீசர் மறுநாள் பார்க்க வருகிறான் என்று முதலாளி நல்ல குஷியில் இருந்தார். குழந்தைக்குக் காலையிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உடைக்க உட்கார்ந்த சற்று நேரத்தில் அவள் கன்னம் லேசாக உப்பியிருப்பதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம், பிறகு தண்ணீருக்கு விட்டுவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். அத்தனை நாளில் முதல் தடவையாக, "ஒம் புள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"கேக்குறேன்ல? வாயத் தொறந்து சொன்னா என்னா?"

"முதலாளி, இங்க கொஞ்சம் வாங்க, தரை ஒரு பக்கம் சாயுது" என்றேன். என் பக்கம் திரும்பாமலே, இரு என்று கையைக் காட்டினார்.

"மொதலாளி மதிச்சு வெசாரிக்கிறேன், நீ தலைய ஆட்டுறியா? வாயில என்னா?"

அவள் கண் கொட்டகைப் பக்கம் ஒருமுறை போய் வந்தது. அவள் தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன்.

"நல்லா இருக்குங்க முதலாளி" என்றாள்.

"அப்படிச் சொல்லு" என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். அதன்பின் அவர் எழுந்திருக்கவே இல்லை. அன்று சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

ஒரு மஞ்சள்கரு அந்த உயிரைக் காப்பாற்றியிருக்காது. எனக்குத் தெரியும், கொத்தனாருக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் ஆபீசர் வந்து கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். முதலாளிக்கு அடுத்த வேலையும் கிடைத்தது. ஆவி பட்டு அந்தச் சுவர் சில மாதங்களில் கொப்பளித்து உரிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் ஆபீசரையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். முதலாளிமேல் ஒரு துரும்பும் விழவில்லை. சாகும்வரை தம் வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகளுக்குச் சுவரைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

குழந்தையைச் செமோர் தோட்டத்திலேயே புதைத்தார்கள். துக்கம் கேட்க லயத்துக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"அவளுக்குன்னு வச்சிருந்தது அண்ணே. முழுங்கிட்டேன்."

"நீ வேற என்னாம்மா செய்வ" என்றேன்.

"அது இல்லண்ணே" என்றாள். "உள்ள போறப்ப ருசியா இருந்துச்சு."

முந்தானையால் நாக்கைத் துடைத்தாள். துணியைப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். நான் எழுந்து வரும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.